தடுப்புப் பலூன்

தடுப்புப் பலூன் என்பது, தாழ்வாகப் பறந்து வரும் எதிரி விமானங்களைத் தடுப்பதற்காக, எஃகு வடம் ஒன்றால் தரையிலோ கப்பலிலோ கட்டப்பட்டு வானில் மிதக்கவிடப்படும் பெரிய வாயுப் பலூன் ஆகும். பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது பலூன். விமானியை அச்சுறுத்தியதோ அதிலிருந்து தரைவரை இறங்கிய மெல்லிய வடம். வேகமாக வரும் விமானத்தின் இறக்கை அந்த வடத்தில் மோதினால் இறக்கை கிழியலாம், உந்துவிசிறி சிக்கிக்கொள்ளலாம், விமானம் நிலைகுலைந்து விழலாம். வடத்தை உயரத்தில் பிடித்து நிறுத்துவதே பலூனின் வேலை.

முதல் உலகப் போரில் லண்டன், வெனிஸ் போன்ற நகரங்களில் இம்முறை கையாளப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன், சோவியத் ஒன்றியம், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகள் இதைப் பெரிய அளவில் பயன்படுத்தின. அவற்றுள் மிக விரிவான ஏற்பாடு பிரிட்டனுடையது. இதன் பயனை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வடத்தில் மோதி வீழ்ந்த விமானங்களை மட்டும் எண்ணினால் கிடைப்பது சிறிய தொகை. பலூன்களைக் கண்டு தாழ இறங்காமல் போன விமானங்களுக்கோ கணக்கேடு கிடையாது. பலூன்களுக்காகச் செலவிட்ட ஆட்களும் பணமும் தகுமா என்ற கேள்வி போர்க்காலத்திலேயே எழுந்ததற்கு இதுவே காரணம்.

தாழ்வாகப் பறப்பதன் ஆபத்து

உயரத்திலிருந்து குண்டு வீசுவது பாதுகாப்பானது. ஆனால் குறி தவறும். 3,000 மீட்டர் உயரத்திலிருந்து விடப்படும் குண்டு தரையைத் தொட ஏறத்தாழ 25 வினாடிகள் ஆகும். அதற்குள் காற்று அதை எங்கோ தள்ளிவிடும்; விமானியின் சிறு பிழையும் தரையில் நூற்றுக்கணக்கான மீட்டர் விலகலாகிவிடும். 100 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் நான்கரை வினாடியில் குண்டு விழுந்துவிடும். ஒரு பாலத்தையோ தொழிற்சாலையையோ துறைமுக மதகையோ குறிபார்த்து அடிக்க வேண்டுமென்றால் தாழ வருவதே வழி.

தாழ வரும் விமானத்தைப் பீரங்கியால் சுடுவதும் கடினம். மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் வினாடிக்கு 100 மீட்டர் கடக்கிறது. அது 3,000 மீட்டர் உயரத்தில் தலைக்கு நேர்மேலே செல்லும்போது, பீரங்கியின் குழல் வினாடிக்கு இரண்டு பாகை அளவு திரும்பினால் போதும். அதே விமானம் 100 மீட்டர் உயரத்தில் தலைக்கு மேல் பாய்ந்தால் வினாடிக்கு ஐம்பது பாகைக்கும் மேல் குழலைத் திருப்ப வேண்டும். அக்காலத்துக் கனரகப் பீரங்கிகளால் அது இயலாது. கூரைகளுக்கு மேல் விமானம் தென்பட்டு மறைய ஓரிரு வினாடிகளே ஆகும் என்பதால், குறிபார்க்கும் வீரருக்கும் நேரம் இருக்காது.

இந்த இடைவெளியைத்தான் பலூன்கள் அடைத்தன. தரைக்கும் 1,500 மீட்டருக்கும் இடைப்பட்ட வான்பரப்பில் வடங்கள் நின்றால், விமானி அதற்கு மேலே ஏறியாக வேண்டும். மேலே ஏறினால் பீரங்கிகளுக்கும் போர் விமானங்களுக்கும் அவர் எளிய இலக்கு. அவர் போடும் குண்டின் குறியும் தளர்கிறது. ஆகவே பலூன் தனித்து இயங்கும் ஆயுதம் அல்ல. விமானத்தைப் பீரங்கியின் பக்கம் ஓட்டிவிடும் வேலி என்று அதைச் சொல்லலாம்.

வேலியில் இடைவெளிகள் நிறைய இருந்தன. 20 மீட்டர் இறக்கை அகலமுள்ள விமானம், 100 மீட்டருக்கு ஒன்றாக வடங்கள் நிற்கும் வரிசையைக் கண்மூடித்தனமாகக் கடந்தால் மோதுவதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்று. எதிரியைச் சுவர்போல் தடுக்கும் அளவுக்கு இது போதாது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு சாவு வாய்ப்பை அறிந்தே ஏற்று, இருட்டில் பறக்கத் துணியும் விமானிகள் எந்தப் படையிலும் குறைவே.

முதல் உலகப் போரில்

1917 ஜூன் 13 அன்று ஜெர்மனியின் கோத்தா விமானங்கள் பட்டப்பகலில் லண்டன் மீது குண்டு வீசின. 162 பேர் இறந்தனர். பாப்லர் பகுதியில் பள்ளி ஒன்றின் மேல் விழுந்த குண்டில் மட்டும் 18 குழந்தைகள் பலியாயினர். மக்களின் சினம் அரசை உலுக்கியது. லண்டனின் வான்காப்பு முழுவதையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவர முடிவாகி, அப்பொறுப்பு எட்வர்ட் ஆஷ்மோர் என்ற தளபதியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் காலத்தில் அமைந்ததுதான் 'பலூன் ஏப்ரன்' எனப்பட்ட தடுப்பு.

இதில் மூன்று பலூன்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன. அவற்றைக் குறுக்கு வடம் ஒன்று இணைத்தது. அந்தக் குறுக்கு வடத்திலிருந்து, சமையலறை ஏப்ரனின் குஞ்சம்போல, ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள கம்பிகள் வரிசையாகத் தொங்கின. 1918-ல் லண்டனைச் சுற்றி இத்தடுப்பு சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்திருந்தது. பிடிபட்ட ஜெர்மானிய விமானிகள் இதைக் குறித்து மிகவும் அஞ்சியதாக விசாரணைகளில் தெரிந்தது. குண்டுவீச்சு விமானங்கள் எந்த உயரத்தில் வரும் என்பதையும் இப்போது ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிந்தது. பிரிட்டிஷ் போர் விமானிகள் அந்த உயரத்தில் காத்திருந்தனர்.

அச்சம் ஒருபுறம் இருக்க, நேரடியாக வீழ்த்திய கணக்கில் ஏப்ரனின் பங்கு சொற்பமே. 1918 பிப்ரவரி 16 இரவில் 'ஜயன்ட்' வகைப் பெருவிமானம் ஒன்று ஏப்ரன் கம்பியில் மோதி நிலைதடுமாறிக் கீழ்நோக்கிச் சரிந்தது. விமானி அதை மீண்டும் நிலைப்படுத்திக்கொண்டு நாடு திரும்பிவிட்டார்.

இப்பலூன்களின் வடிவம் பிரான்சிலிருந்து வந்தது. உருண்டைப் பலூன் காற்றில் சுழன்று ஆடும்; வடத்தில் கட்டினால் தரையை நோக்கிச் சாயும். பிரெஞ்சுப் பொறியாளர் ஆல்பர் காக்கோ 1914-ல் நீள்வடிவப் பலூன் ஒன்றை அமைத்து, அதன் வாலில் காற்று நிரம்பிய மூன்று துடுப்புகளைப் பொருத்தினார். காற்று வீசும் திசைக்கு எதிரே தானாகவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இந்தப் பலூன், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகக் காற்றையும் தாங்கியது. பிற்காலத்தில் படங்களில் காணப்படும், மீனையும் யானையையும் சேர்த்துச் செய்ததுபோன்ற அந்த உருவம் இதன் வழிவந்ததே.

அமைப்பும் இயக்கமும்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் அதிகம் பயன்படுத்தியது எல்.இசட். எனப்படும் தாழ்நிலைப் பலூன். நீளம் சுமார் 19 மீட்டர், குறுக்களவு சுமார் 7.6 மீட்டர், கொள்ளளவு ஏறத்தாழ 540 கன மீட்டர். ரப்பர் பூசிய பருத்தித் துணியால் தைக்கப்பட்டு, வெயிலின் வெப்பத்தைத் திருப்பியனுப்ப அலுமினிய நிறம் பூசப்பட்டது. நகர மக்கள் நினைவில் அவை வெள்ளிப் பலூன்களாகவே நின்றதற்கு அந்தப் பூச்சுதான் காரணம்.

உள்ளே நிரப்பியது ஹைட்ரஜன். எளிதில் தீப்பற்றும் இந்த வாயுவுக்குப் பதில் ஹீலியத்தைப் பயன்படுத்தியிருந்தால் ஆபத்து குறைந்திருக்கும். ஆனால் அக்காலத்தில் ஹீலியம் பெருமளவில் கிடைத்த நாடு அமெரிக்கா மட்டுமே. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தரைமட்டத்தில் ஏறத்தாழ 1.1 கிலோ எடையைத் தூக்கும். 540 கன மீட்டருக்கு 600 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இந்தத் தூக்கு விசைக்குள் துணி, கயிறுகள், வடம் அனைத்தின் எடையும் அடங்க வேண்டும். பலூன் உயர உயர அது தாங்க வேண்டிய வடத்தின் நீளமும் எடையும் கூடிக்கொண்டே போகும். மேலே காற்றின் அடர்த்தி குறைவதால் அங்கே ஒவ்வொரு கன மீட்டர் வாயுவும் தூக்கும் எடையும் குறையும். எல்.இசட். பலூன்கள் 1,500 மீட்டர் அளவில் நின்றுவிட்டதன் காரணம் இந்த எளிய கணக்கு. சோவியத் ஒன்றியத்தில் ஒரே வடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பலூன்களைக் கட்டி இவ்வரம்பைத் தாண்டினர்.

உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் வாயு விரியும். தரையிலேயே முழுமையாக நிரப்பினால் மேலே போனதும் பலூன் வெடித்துவிடும். எனவே பலூனின் உள்ளே, கீழ்ப்பகுதியில் துணித்தடுப்பு ஒன்று வைக்கப்பட்டது. தடுப்புக்கு மேலே ஹைட்ரஜன், கீழே வெளிக்காற்று. முன்பக்கம் உள்ள வாய் வழியாகக் காற்று தானாக உட்புகுந்து கீழ் அறையை நிரப்பி, பலூன் தொய்ந்துவிடாமல் வடிவத்தைக் காக்கும். பலூன் மேலேறி ஹைட்ரஜன் விரியும்போது அந்தக் காற்று வெளியே தள்ளப்படும். வால் துடுப்புகளும் இப்படி வீசும் காற்றாலேயே நிரம்பின. காற்றில்லாத நாளில் அவை துவண்டு தொங்கியதைப் பழைய புகைப்படங்களில் காணலாம்.

வடத்தின் அடிமுனை, லாரியில் பொருத்திய வின்ச் என்னும் சுருட்டுப்பொறியில் சுற்றப்பட்டிருந்தது. வாயு உருளைகள் தனி வண்டியில் வரும். கட்டளை வந்ததும் பலூனை மேலேற்ற வேண்டும்; புயலோ மின்னலோ வந்தால் இறக்கிக் கட்ட வேண்டும். இறுகிய வடம் அறுந்தால் சாட்டைபோல் சுழன்று அருகிலிருப்பவரைக் கொல்லும் என்பதால் வின்ச் இயக்குபவரைச் சுற்றிக் கம்பிக்கூண்டு அமைக்கப்பட்டது. ஈரமான வடத்தில் மின்னல் இறங்கும் ஆபத்தும் எப்போதும் இருந்தது. பலூன் குழுக்களின் அன்றாட எதிரி ஜெர்மனியின் விமானம் அல்ல, வானிலைதான் என்று சொன்னால் அது மிகையாகாது.

பிரிட்டனின் பலூன் கட்டளைப் பிரிவு

ஜெர்மனியுடன் மீண்டும் போர் வரக்கூடும் என்ற எண்ணம் வலுத்த 1936-ல், லண்டனுக்கு 450 பலூன்கள் வேண்டும் என்று முடிவாகியது. 1938 நவம்பரில் விமானப் படையின் கீழ்ப் பலூன் கட்டளைப் பிரிவு தனியாக அமைக்கப்பட்டது. பெட்ஃபோர்டுக்கு அருகிலுள்ள கார்டிங்டன் இதன் பயிற்சி மையமாயிற்று. முன்பு ஆர்101 என்ற பெரும் வான்கப்பல் உருவான அதே கொட்டகைகளில் இப்போது பலூன்கள் ஊதப்பட்டன. தொடக்கத்தில் பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் வார இறுதிகளில் பயிற்சி பெற்ற துணைப்படைத் தொண்டர்கள்.

1940-ன் நடுப்பகுதியில் நாடெங்கும் 1,400 பலூன்கள் இருந்தன. மூன்றில் ஒரு பங்கு லண்டன் பகுதியில். பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் தேம்ஸ் ஆற்றுப் படகுகளிலும் அவை கட்டப்பட்டன. கரையோரக் கப்பல்களும் சிறு பலூன்களை இழுத்துச் சென்றன. டோவர் துறைமுகத்தின் பலூன்களை ஜெர்மானியப் போர் விமானங்கள் அடிக்கடி சுட்டு எரித்தன. ஒவ்வொரு முறையும் புதியவை ஏற்றப்பட்டன.

அவ்வாண்டின் இறுதியில் நிலைமை மாறியது. செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் யுங்கர்ஸ் 87 வகை விமானங்கள் பிரிட்டிஷ் போர் விமானங்களிடம் பெரும் இழப்பைச் சந்தித்ததால் பின்வாங்கப்பட்டன. அடுத்து வந்த இரவுத் தாக்குதல்களில் ஜெர்மானியர் பலூன்களுக்கு மேலே, நெடு உயரத்திலிருந்து நகரங்களின் மீது குண்டுகளைக் கொட்டினர். குறிப்பிட்ட கட்டடம் என்ற இலக்கு இல்லாமல் நகரம் முழுவதுமே இலக்கானபோது குறி தவறுவதைப் பற்றி அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 1940 நவம்பர் 14 இரவு கோவென்ட்ரி நகரம் எரிந்தபோதும் அதன் மேல் பலூன்கள் இருக்கத்தான் செய்தன. இத்தகைய தாக்குதலுக்குப் பலூனிடம் விடை இல்லை. ஆயினும் பலூன்களை இறக்கிவிட்டால் எதிரி மறுநாளே தாழ வருவான் என்பதால் எண்ணிக்கை குறைக்கப்படவில்லை. 1944-ல் அது 3,000-ஐ நெருங்கியது.

வடமும் கத்தியும்

வெறும் வடத்தில் மோதும் விமானம் சில வேளைகளில் அதை அறுத்துக்கொண்டு தப்பிவிடும். இதற்கு மாற்றாக இரட்டைப் பாராசூட் அமைப்பு உருவாக்கப்பட்டது. விமானம் மோதிய அதிர்ச்சியில் வடம் மேலே பலூனுக்கு அருகிலும் கீழே வின்சுக்கு அருகிலும் துண்டிக்கப்படும். நடுவில் எஞ்சிய நீண்ட வடம் இறக்கையில் சிக்கியபடி விமானத்தோடு போகும். உடனே அதன் இரு முனைகளிலும் பாராசூட்கள் விரியும். அவற்றின் இழுவையால் வேகம் திடீரென்று குறைந்து, விமானம் மிதக்கும் திறனை இழந்து விழும். பலூன் கட்டறுந்து ஓடினால் துணியில் ஒரு பட்டை கிழிந்து வாயு வெளியேறும் ஏற்பாடும் இருந்தது.

ஜெர்மானியர் ஹைன்கெல் 111 விமானங்கள் சிலவற்றின் மூக்கிலிருந்து இறக்கை நுனிவரை வடம் விலக்கும் சட்டகத்தைப் பொருத்திப் பார்த்தனர். அதன் எடையால் விமானத்தின் பறக்கும் திறன் கெட்டது. பின்னர் அவ்விமானங்கள் கிளைடர்களை இழுக்கும் பணிக்கு மாற்றப்பட்டன. பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் இறக்கை விளிம்பில் சிறு வெட்டுக்கருவிகளைத் தாங்கிச் சென்றன. வடம் அதில் நுழைந்ததும் தோட்டா ஒன்று வெடித்து உளியை முன்தள்ளி வடத்தை வெட்டும். ஜெர்மனியும் தன் தொழிற்பகுதிகளின் மேல் பலூன்களை ஏற்றியிருந்ததால் இக்கருவி அவசியமாயிற்று.

அது தாய்நாட்டு வானிலும் தேவைப்பட்டது. வடத்துக்கு நண்பன், பகைவன் தெரியாது. ஜெர்மனியிலிருந்து அதிகாலையில், சேதமடைந்தும் எரிபொருள் தீர்ந்தும், மேகத்தில் வழிதவறித் திரும்பிய பிரிட்டிஷ் விமானங்கள் தம் துறைமுகங்களின் வடங்களிலேயே மோதிச் சிதறின. இதைத் தவிர்க்க, பலூன் உள்ள இடங்களில் 'ஸ்குவீக்கர்' என்ற சிறு வானொலிக் கருவி வைக்கப்பட்டது. அது எழுப்பும் கீச்சொலி காதில் விழுந்தால் விமானி விலகிச் செல்ல வேண்டும். விமானத்தின் வானொலியும் சேதமடைந்திருந்தால் அந்த எச்சரிக்கையால் பயன் இல்லை.

பெண்கள் ஏற்ற பணி

பலூன் தளங்கள் ஆயிரக்கணக்கான ஆண்களை விழுங்கின. போர் முனைகளுக்கு ஆள் தேவைப்பட்ட 1941-ன் தொடக்கத்தில், இவ்வேலையைப் பெண்களிடம் தரலாமா என்ற கேள்வி எழுந்தது. இரவும் பகலும் திறந்தவெளியில், மழையிலும் பனியிலும், காற்றில் திமிறும் பலூனைக் கயிற்றால் அடக்கும் வேலை பெண்களால் ஆகாது என்று அதிகாரிகள் பலர் கருதினர். மகளிர் துணை விமானப் படையின் தன்னார்வலர்களைக் கொண்டு கார்டிங்டனில் சோதனை நடத்தப்பட்டது. அவர்கள் தேர்ச்சி பெற்றனர்.

1942-ன் இறுதிக்குள் 1,000-க்கும் மேற்பட்ட தளங்களைப் பெண்களே இயக்கினர். ஏறத்தாழ 10 ஆண்கள் இருந்த இடத்தில் 16 பெண்கள் என்ற அளவில் குழுக்கள் அமைந்தன. வடம் பின்னுவது, துணியை ஒட்டுப்போடுவது, வின்சை ஓட்டுவது, இரவுக் காவல் ஆகிய அனைத்தும் அவர்கள் பொறுப்பு. 1943-ல் ஓவியர் லாரா நைட் வரைந்த 'பலூன் தளம், கோவென்ட்ரி' என்ற ஓவியம், புகைபோக்கிகள் நிறைந்த நகரத்தைப் பின்னணியாகக் கொண்டு பெண்கள் கயிறிழுத்துப் பலூனை ஏற்றும் காட்சியைக் காட்டுகிறது. பெண்களை இப்பணிக்கு ஈர்க்கும் நோக்கில் அரசு ஏற்பாட்டில் வரையப்பட்ட ஓவியம் அது. ஆனாலும் அதிலுள்ள பெண்களின் முகங்களில் விளம்பரப் புன்னகை இல்லை. கயிற்றின் மேல்தான் அவர்கள் கவனம்.

கட்டறுந்த பலூன்கள்

1940 செப்டம்பர் 17 இரவு வீசிய புயலில் பிரிட்டனின் பலூன்கள் பல கட்டறுந்து வடகடலைக் கடந்தன. சுவீடன், டென்மார்க், பின்லாந்து வரை சென்ற அவற்றின் வடங்கள், மின்கம்பிகளில் உரசி மின்தடையை உண்டாக்கின. மின்சார ரயில்கள் நின்றன. சுவீடனின் வானொலி நிலையம் ஒன்றின் ஆண்டெனா சேதமடைந்தது. நடுநிலை நாடுகளுக்கு நேர்ந்த இந்தச் சங்கடத்தைப் பற்றிய செய்தி லண்டனில் வேறு ஒரு யோசனையைக் கிளப்பியது. வேண்டுமென்றே இதைச் செய்தால் என்ன? ஐரோப்பாவின் மேல் உயரத்தில் வீசும் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே செல்வதால், இதே முறையில் ஜெர்மனி பதிலடி கொடுப்பது கடினம்.

'ஆபரேஷன் அவுட்வர்ட்' என்ற பெயரில் 1942 மார்ச் 20 அன்று இத்திட்டம் தொடங்கியது. ஃபெலிக்ஸ்டோ அருகிலுள்ள லேண்ட்கார்ட் கோட்டையிலிருந்து, வானிலை ஆய்வுக்கான மலிவான சிறு பலூன்கள் பறக்கவிடப்பட்டன. கடற்படையின் மகளிர் பிரிவினரே இதில் பெரும்பங்கு வகித்தனர். 1944 செப்டம்பர்வரை அனுப்பப்பட்டவை 99,142. அவற்றில் 53,543 தீப்பொருளையும் 45,599 நீண்ட கம்பியையும் சுமந்தன. 1942 ஜூலை 12 அன்று லைப்சிக் அருகே 1,10,000 வோல்ட் மின்தடத்தில் ஒரு கம்பி விழுந்தது. அதனால் பாதுகாப்பு விசை தவறி, பூலன் மின்நிலையம் தீக்கிரையானது. நடுநிலை நாடும் தப்பவில்லை. 1944 ஜனவரியில் சுவீடனின் லாஹோல்ம் என்ற இடத்தில் ஒரு பலூன் மின்விளக்குகளை அணைத்துவிட, இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன.

அமெரிக்கக் கண்டத்திலும் இதுபோல் நடந்தது. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே, இரும்புத்தாதுக் கப்பல்கள் செல்லும் சூ செயின்ட் மேரி கால்வாய் மதகுகளைக் காக்க 1942-ல் பலூன்கள் ஏற்றப்பட்டன. எதிரி விமானம் ஒன்றுகூட அங்கே வரவில்லை. புயலில் அறுந்த பலூன்களின் வடங்கள் மின்கம்பிகளில் விழுந்து எஃகு உற்பத்திதான் தடைபட்டது.

லெனின்கிராட் முற்றுகை

1941-ல் ஜெர்மானியர் முற்றுகையிட்ட லெனின்கிராடில் பலூன்களைத் தினமும் ஏற்றி இறக்கப் பெட்ரோல் இல்லை. வின்ச் லாரிகள் நின்றன. ஆட்கள் கையால் இழுத்தும் பலன் போதவில்லை. தொழில்நுட்ப வீரர் போரிஸ் ஷெலிஷ் இதற்கு ஒரு வழி கண்டார். பலூன் துணி வழியே காற்று மெல்ல உட்புகுவதால், சில வாரங்களில் ஹைட்ரஜன் தூய்மை இழந்து தூக்கும் திறன் குறையும். அப்போது அதை வெளியே விட்டுவிடுவது வழக்கம். வீணாகும் அந்த வாயுவைக் குழாய் வழியே லாரி எஞ்சினுக்கே செலுத்தினால் என்ன என்பது அவர் யோசனை.

எஞ்சின் ஓடியது. ஆனால் தீப்பொறி குழாய் வழியே திரும்பிச் சென்றதில் வெடிப்பு ஏற்பட்டு, பலூன் எரிந்து, அவரும் காயமுற்றார். பிறகு தீயணைப்பு உருளை ஒன்றில் நீர் நிரப்பி, வாயு அந்நீரின் வழியே கடந்து செல்லுமாறு அமைத்தார். தீ பின்னோக்கிப் பரவ முடியாமல் போயிற்று. சுமார் 200 லாரிகள் இவ்வாறு மாற்றப்பட்டன. ஹைட்ரஜனில் ஓடும் வாகனங்களின் வரலாற்றில் இந்நிகழ்வு இன்றும் குறிப்பிடப்படுகிறது.

நார்மண்டி கடற்கரை

1944 ஜூன் 6 நார்மண்டி தரையிறக்கத்தின் புகைப்படங்களில் கப்பல்களுக்கும் கரைக்கும் மேலே சிறு பலூன்கள் மிதப்பதைக் காணலாம். ஒமாஹா, யூட்டா கடற்கரைகளில் அவற்றை நிறுவியது அமெரிக்காவின் 320-வது தடுப்புப் பலூன் படையணி. அதன் வீரர்கள் கறுப்பினத்தவர். அமெரிக்கப் படையில் நிறப் பிரிவினை நடைமுறையில் இருந்த காலம் அது. டென்னசியின் டைசன் முகாமில் பயிற்சி பெற்ற இவர்கள், முதல் நாளிலேயே துப்பாக்கிச் சூட்டுக்கிடையே கரையேறினர். இவர்களுடைய பலூன்கள் சிறியவை. சிலரே சேர்ந்து தூக்கிச் செல்லத்தக்கவை.

இப்படையணியின் மருத்துவ உதவியாளர் வேவர்லி வுட்சன், கரைக்கு வரும் வழியிலேயே குண்டுச் சிதறலால் காயமடைந்தார். அதன் பிறகு ஏறத்தாழ 30 மணிநேரம் தொடர்ந்து, 200-க்கும் மேற்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார். 2005-ல் அவர் இறந்தார். சிறப்புச் சேவைச் சிலுவை என்ற உயரிய விருது 2024-ல்தான், குடும்பத்தினரின் நீண்ட முயற்சிக்குப் பின், அவருக்கு வழங்கப்பட்டது. போருக்குப் பிறகு வெளியான நார்மண்டி வரலாறுகள் பலவற்றில் பலூன்கள் படத்தில் இருந்தன; அவற்றைப் பிடித்திருந்தவர்கள் இல்லை.

பறக்கும் குண்டுகளுக்கு எதிராக

தரையிறக்கம் நடந்த ஒரு வாரத்தில், 1944 ஜூன் 13 முதல், வி-1 எனப்படும் ஆளில்லாப் பறக்கும் குண்டுகள் லண்டன் மீது வரத் தொடங்கின. ஏறத்தாழ 850 கிலோ வெடிமருந்துடன், மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், தாழ்வான உயரத்தில் நேர்கோட்டில் அவை பறந்தன. பலூன்களுக்கு ஏற்ற இலக்கு இது. நாடெங்கிலுமிருந்து பலூன்கள் வரவழைக்கப்பட்டு லண்டனின் தென்கிழக்கே உள்ள குன்றுத் தொடரில் நிறுத்தப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை சுமார் 1,750-ஐ எட்டியது. போர் விமானங்களையும் கடற்கரைப் பீரங்கிகளையும் தாண்டி வரும் குண்டுகளுக்கு இதுவே கடைசி வேலி.

அச்சுறுத்தல் என்ற பயன் இங்கே முற்றாக இல்லை. இயந்திரம் அஞ்சாது, வடத்தைக் கண்டு மேலேறாது. அதனால் பலூனின் நேரடித் திறனைக் கலப்பில்லாமல் கணக்கிட முடிந்த ஒரே களம் இதுதான். அதிகாரப்பூர்வக் கணக்கின்படி பலூன்கள் வீழ்த்தியவை 231. பிரிட்டனின் எல்லாத் தடுப்புகளும் சேர்ந்து வீழ்த்தியவை ஏறத்தாழ 4,000 என்பதால், பலூன்களின் பங்கு நூற்றுக்கு ஆறு. வி-1 குண்டுகள் சிலவற்றின் இறக்கைகளில் ஜெர்மானியர் வடம் வெட்டும் விளிம்புகளைப் பொருத்தியிருந்ததும் இதற்கு ஒரு காரணம். பலூன் பணிக்காகச் செலவிட்ட ஆட்களைப் பீரங்கிகளுக்கு அனுப்பியிருக்கலாம் என்ற விமர்சனத்துக்கு இந்த எண் இடமளிக்கிறது. ஆனால் அந்த 231-இல் ஒவ்வொன்றும் மற்ற இரண்டு தடுப்புகளும் தவறவிட்டது. அவை கடந்து சென்றிருந்தால் அடுத்து இருந்தது லண்டனின் குடியிருப்புகள்.

போருக்குப் பின்

1945 தொடக்கத்தில் பலூன் கட்டளைப் பிரிவு கலைக்கப்பட்டது. விமானங்களின் வேகமும் பறக்கும் உயரமும் கூடி, ஏவுகணைகளும் வந்துவிட்ட பிறகு நகரங்களின் மேல் பலூன் வேலி அமைக்கும் தேவை மறைந்தது. கட்டிய பலூன் வேறு வேலைகளுக்குப் போயிற்று. 1957-ல் பிரிட்டன் ஆஸ்திரேலியாவின் மரலிங்காவிலும், அமெரிக்கா நெவாடாவிலும் அணுகுண்டைப் பலூனில் தொங்கவிட்டு வெடித்துச் சோதித்தன. பிரிட்டனில் பாராசூட் வீரர்களின் பயிற்சிக் குதிப்புக்குப் பல பத்தாண்டுகள் பலூன் பயன்பட்டது. இன்றைய கட்டிய பலூன்கள் ஹீலியத்தால் நிரப்பப்படுகின்றன. அவை வடத்தால் விமானத்தை மறிப்பதில்லை. ராடாரைச் சுமந்து, தாழ வரும் விமானத்தையும் ஏவுகணையையும் தொலைவிலிருந்தே கண்டு சொல்கின்றன.

வடத்தின் பழைய குணம் மட்டும் மாறவில்லை. 2015 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் மேரிலாந்தில் கட்டப்பட்டிருந்த ராணுவ ராடார் பலூன் ஒன்று கட்டறுந்து பறந்தது. போர் விமானங்கள் இரண்டு பின்தொடர, சுமார் 2 கிலோமீட்டர் நீள வடத்தை இழுத்துக்கொண்டு பென்சில்வேனியாவுக்குள் சென்ற அது, மின்கம்பிகளை அறுத்து ஆயிரக்கணக்கான வீடுகளை இருளாக்கிய பின் மரங்களில் சிக்கி நின்றது.